கல் இடுக்குக்கு ஏற்ற செடி இட்டேரியிலேயே இருக்கிறது

காங்கயம் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் கடிதத்தின் சுருக்கம் இது:

"தோட்டத்துச் சாளையை (தோட்ட வீட்டை) புதுப்பித்துக் கட்டினோம். பழைய கட்டுத்தரையில் கிடந்த கருங்கல் பலகைகளை வீணாக்க மனமில்லாமல், தென்புற வாசலில் 20 அடிக்கு 16 அடி பரப்பில் பதித்துவிட்டோம். இரண்டடிக்கு இரண்டடிக் கல், மொத்தம் 80. கையால் உடைத்த கல் என்பதால் இடைவெளி ஒன்றரை அங்குலம் வரை இருக்கிறது. அடியில் கிராவல், அதன்மேல் மணல், காங்கிரீட் போடவில்லை. மழை பெய்தால் இடுக்கெல்லாம் கோரையும் நெருஞ்சியும் பார்த்தீனியமும் முளைக்கின்றன. கொத்தனார் சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார். வெளிநாட்டிலிருக்கும் மகள், கல் இடுக்கில் தைம் என்ற செடி ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் படத்தை அனுப்பி, 'இதைப் போடுங்கப்பா' என்கிறாள். அம்மாவோ, செடி வைத்தால் பூச்சி பொட்டு அடையும் என்று பயப்படுகிறார். போர் தண்ணீர் சப்பை, உப்பு அதிகம். என்ன செய்யலாம்?"

வணக்கம் ஐயா.

முதலில், கொத்தனாரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நம் பக்கம் ஆண்டுக்குப் பெய்வதே 600, 700 மில்லிமீட்டர் மழைதான். 320 சதுர அடி வாசலில் விழும் தண்ணீர் அந்த இடுக்குகள் வழியாக மண்ணுக்குள் இறங்குகிறது. சிமெண்ட் பூசினால் அத்தனையும் வழிந்து ஓடிவிடும். போதாததற்கு, மணல்மேல் உட்கார்ந்திருக்கும் கல் வெயிலுக்கும் மழைக்கும் மயிரிழை அளவு அசைந்துகொண்டேதான் இருக்கும். அதனால் பூசிய சிமெண்ட் இரண்டு கோடைக்குள் விரிசல் விடும். அந்த விரிசலில் மறுபடியும் கோரை வரும், அப்போது பிடுங்கக்கூட முடியாது. காங்கிரீட் போடாமல் விட்டீர்களே, இந்த வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிட்டது.

மகள் அனுப்பிய படத்துக்கு வருகிறேன். அந்தத் தைம் ஐரோப்பாவின் குளிர்ந்த, வறண்ட சரிவுகளில் வளர்கிற செடி. ஊட்டி, கோத்தகிரி பக்கம் வைத்தால் வரும். காங்கயத்தில் சித்திரை வெயில் 38 டிகிரியைத் தொடும். பகலெல்லாம் சூடேறிய கருங்கல் இரவிலும் வெதுவெதுப்பாகவே கிடக்கும். அந்தச் செடிக்கு இரவுக் குளிர்ச்சி வேண்டும், அது இங்கே கிடைக்காது. கோடையைத் தப்பினாலும் ஐப்பசி அடைமழையில் வேர் அழுகிவிடும். இணையத்தில் விதை வாங்கிப் போட்டவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். தை மாதம் அழகாக இருக்கும், பங்குனியில் காய்ந்த நூல்தான் மிஞ்சும். மகளிடம், படத்தில் இருப்பது போன்ற வாசல் நமக்கும் வரும், செடி மட்டும் வேறு என்று சொல்லுங்கள்.

அந்த வேறு செடி எது என்பதற்கு நான் எப்போதும் ஒரே வழியைத்தான் சொல்வேன். மழை விட்ட ஒரு வாரத்தில் உங்கள் இட்டேரியில், அதாவது தோட்டங்களுக்கு இடையே போகும் வண்டித் தடத்தில், காலையில் ஒருமுறை நடந்து பாருங்கள். மாடும் ஆடும் மிதித்து, டிராக்டரும் ஏறி இறங்கி, யாருமே தண்ணீர் விடாத தடத்தின் நடுவில் எது பச்சையாகத் தரையோடு ஒட்டிப் படர்ந்திருக்கிறதோ, அதுதான் உங்கள் வாசலுக்கான செடி. மாட்டுக் குளம்பைத் தாங்குகிற செடிக்கு மனிதக் கால் ஒரு பொருட்டே இல்லை. வாய்க்கால் மேடு, கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம், குளத்தங்கரை என்று நம் நாட்டில் இந்த மாதிரிச் செடிகளுக்குப் பஞ்சமில்லை. நர்சரிக்காரர் அவற்றை விற்பதில்லை, அதனால் நாம் அவற்றைச் செடியாகவே எண்ணுவதில்லை. இருபது வருடமாகத் தோட்டம் அமைக்கிறேன். இந்த உண்மை எனக்குப் பிடிபடவே முதல் பத்து வருடம் ஆனது.

நான் உங்களுக்கு முதலில் சொல்லும் பெயர் பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்ச அம்மா தேடியிருப்பார், அவரிடமே கேளுங்கள். பி.ஏ.பி. (பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்ட) வாய்க்கால் ஓரம், குளத்துக் கரை, பாசனக் கசிவு இருக்கும் எந்த இடத்திலும் இது கிடக்கும். சின்ன இலை, ஓரத்தில் பல்; கணுவுக்குக் கணு வேர்விட்டுத் தரையைப் பிடித்துக்கொண்டே போகும். குட்டிக் குட்டியாக வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்த பூ, திப்பிலி வடிவத்தில் நிற்கும். கால் படாத இடத்தில் அரையடிகூட எழும்பும். ஆனால் மிதிபட மிதிபட ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலத்தில் அடங்கி அடர்த்தியாகிவிடும். முழு வெயில் பிடிக்கும், உப்புத் தண்ணீரைத் தாங்கும், சுண்ணாம்பு மண்ணிலும் வரும். ஒரு வாரம் தண்ணீர் விட மறந்தால் வாடும், விட்டால் எழுந்துகொள்ளும். உங்கள் வாசலைப் போன்ற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

அதற்கும் இரண்டு குணங்கள் உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒன்று, அது வாசலோடு நிற்காது. கல் முடியும் இடத்தில் பூச்செடிப் பாத்தி இருந்தால் அதற்குள்ளும் போகும். ஓரத்தில் ஒரு கல் வரிசையை செங்குத்தாகப் பதித்துத் தடுப்பு வையுங்கள், மாதம் ஒருமுறை தாண்டி வருவதை நறுக்கிவிடுங்கள். இன்னொன்று, பூத்தால் தேனீ வரும், வண்ணத்துப்பூச்சி வரும். எனக்கு அது சந்தோஷம். ஆனால் பேரக்குழந்தைகள் வெறுங்காலில் ஓடும் இடம் என்றால், அவர்கள் விடுமுறைக்கு வரும் முன் பூவை மட்டும் கத்தரித்துவிடுங்கள். பத்து நாளில் மறுபடி பூத்துவிடும்.

பொடுதலையோடு கலந்து நட நான் விரும்புவது சிறுபுள்ளடி. மூன்று மூன்றாகச் சின்ன இலை, பறவைக் காலடி போல. புல்வெளிகளில் களை என்று பிடுங்கி எறிவார்கள். அவரை, துவரை இனத்தைச் சேர்ந்த செடி என்பதால் வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். உரம் போட முடியாத இடுக்கில் அது எவ்வளவு பெரிய உதவி! பொடுதலை கொஞ்சம் சோர்ந்து நிற்கும் வறண்ட மூலைகளில் இது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் கலந்து கிடந்தால் ஒன்று காயும்போது மற்றது பச்சையாக இருக்கும்.

நீல நிறம் வேண்டும் என்றால் விஷ்ணுகிரந்தி இருக்கிறது. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே, காலையில் கண் சிமிட்டுவது போல நீலப் பூவோடு கிடக்குமே, அதுதான். இதற்கு உரமும் வேண்டாம், தண்ணீரும் அதிகம் வேண்டாம். அடர்த்தியாக மூடாது, அதிகம் மிதிக்கவும் கூடாது. ஆகவே யாரும் நடக்காத விளிம்புக் கற்களுக்கு மட்டும். வேரோடு பிடுங்கி நட்டால் என் கையில் பத்துக்கு ஏழு செத்திருக்கின்றன. மழை நாளில் மண்கட்டியோடு சேர்த்து எடுத்தால் பிழைக்கிறது. அதே விளிம்பில், நல்ல வெயிலில், பத்துமணிப்பூவும் வைக்கலாம். தண்டைக் கிள்ளிச் செருகினாலே போதும். தண்டில் தண்ணீர் நிறைந்த செடி என்பதால் ஒரு மிதியில் நசுங்கிவிடும், நடைபாதையில் மட்டும் வேண்டாம்.

இப்போது கல்லுக்கு அடியில் உள்ள வேலை. செடியைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், இதைக் கேட்பவர் குறைவு. நான் பார்த்த தோல்விகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடந்தன.

ஒவ்வொரு கல்லின் மூலையிலும் ஏறி நின்று பாருங்கள். ஆடுகிற கல் இருந்தால் அதன் பக்கத்தில் எந்தச் செடியும் வராது. ஒவ்வொரு மிதிக்கும் கல் இறங்கி ஏறும்போது வேர் அறுந்துகொண்டே இருக்கும். அந்தக் கற்களை மட்டும் கடப்பாரையால் நெம்பி எடுத்து, அடியில் கிராவலை நிரப்பி, திமிசுக் கட்டையால் இடித்து, மறுபடி வையுங்கள். நெம்பும்போது கல்லின் எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி உங்கள் பக்கம் சாயுங்கள், கல் உங்களுக்கு மறைப்பாக நிற்கட்டும்; அடியில் கையை விடாதீர்கள். பழைய கல்லுக்கடியில் தேள் இருக்கும். நம் வறண்ட காட்டில் சுருட்டை விரியனும் கல்லுக்கடியில்தான் படுக்கும்.

வாட்டம் சரியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம், வீட்டிலிருந்து வெளியே இறங்க வேண்டும். தண்ணீர் தேங்கும் மூலையில் செடி அழுகும், வழியும் மூலையில் மண் அரித்துப் போகும்.

அப்புறம் இடுக்கைச் சுத்தம் செய்வது. கொத்துக் கரண்டியோ பழைய களைக்கொத்தோ எடுத்து நான்கு அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள். கோரையின் கிழங்குதான் எதிரி. புல்லைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளே நின்றுவிடும். முதல் தடவை எடுத்தபின் தண்ணீர் தெளித்துப் பதினைந்து நாள் சும்மா விடுங்கள். மிச்சமிருப்பது முளைத்துக் காட்டிக் கொடுக்கும். மறுபடி தோண்டி எடுங்கள். இதை மூன்று தடவை செய்தால்தான் அடங்கும். அலுப்பாக இருக்கும், தெரிகிறது. ஆனால் செடி நட்டபின் அதற்குள்ளிருந்து கோரையைப் பிரிப்பது இதைவிடப் பத்து மடங்கு வேலை. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், கையுறையோடு பிடுங்குங்கள்; சிலருக்கு அது தோலில் அரிப்பும் மூச்சிரைப்பும் தரும். நெருஞ்சியை முள் காய்க்கும் முன் எடுத்துவிடுங்கள். களைக்கொல்லி அடிக்க வேண்டாம் ஐயா. கன்றும் கோழியும் நடமாடுகிற வாசல் அது. உப்புக் கரைத்து ஊற்றச் சொல்பவர்களும் உண்டு. ஏற்கெனவே சப்பைத் தண்ணீரில் தவிக்கும் மண்ணுக்கு அதைப் போலக் கெடுதல் வேறில்லை.

சுரண்டிய இடுக்கில் நிரப்ப: சலித்த செம்மண் இரண்டு பங்கு, தூசி கழுவிய எம்சாண்ட் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணியெரு அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. உங்கள் வாசலுக்கு இடுக்குகளின் மொத்த நீளம் கணக்குப் போட்டேன், சுமார் 284 அடி வருகிறது. ஒன்றரை அங்குல அகலம், நான்கு அங்குல ஆழம் என்றால் 12 கன அடி மண். சிமெண்ட் சாக்கில் அளந்தால் ஒன்பது, பத்துச் சாக்கு. காங்கயத்தில் தேங்காய் நார்த்தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைக் கொட்டிவிடாதீர்கள். மக்காத நார்த்தூளில் உப்பு இருக்கும், மழைக்குக் காவிச்சாறு வடிந்து கல்லில் கறை பிடிக்கும். மக்க வைத்துக் கழுவியது என்றால் சாணியெருவுக்குப் பதிலாகச் சேர்க்கலாம்.

மண்ணைக் கல்லின் மட்டத்துக்கு நிரப்பக் கூடாது. அரை அங்குலம் கீழே நிற்கட்டும். இது சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் செடியின் உயிர் இதில்தான் இருக்கிறது. செடியின் கணு கல் மட்டத்துக்குக் கீழே இருந்தால் செருப்பு கல்லில் விழும், செடியில் விழாது. மேலே இருந்தால் ஒவ்வொரு அடியும் தளிரின் தலையில். வருடம் ஒருமுறை எரு மக்கி மண் இறங்கும், அப்போது ஒரு கை அள்ளிப் போட்டுக் கொள்ளுங்கள்.

செடியை நேரே இடுக்கில் நடலாம். நான் அப்படிச் செய்வதில்லை. வாய்க்கால் ஓரத்திலிருந்து பொடுதலைக் கொடியை வெட்டி வந்து, வேர் மண்ணை ஒரு வாளித் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். இல்லாவிட்டால் அந்த மண்ணோடு கோரைக் கிழங்கும் பார்த்தீனிய விதையும் சேர்ந்தே வாசலுக்கு வந்துவிடும். மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, தக்காளி நாற்றுவிடும் 98 குழித்தட்டில் ஒவ்வொன்றாகப் பதியுங்கள். நிழலில் வைத்து ஒரு மாதம் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொரு குழியிலும் விரல் தடிமனுக்கு வேர்க்கட்டி உருவாகியிருக்கும். அது உங்கள் ஒன்றரை அங்குல இடுக்குக்கு அளவெடுத்தது போல உட்காரும். எட்டு அங்குலத்துக்கு ஒன்று என்று நட்டால் முழு வாசலுக்கும் நானூறுக்கு மேல் வேண்டும். நான் கீழே விட்டுவிடச் சொல்லும் இடங்களைக் கழித்தால் நான்கு தட்டு போதும். மூன்று மாதத்தில் மூடிவிடும்.

விடச் சொல்லும் இடங்கள் இவை. நிலைப்படிக்கு முன்னால் உள்ள முதல் வரிசையில் நான்கு கற்களின் இடுக்கை மட்டும் சிமெண்ட் பூசிவிடுங்கள், அங்கே கொத்தனாருக்கு வேலை கொடுக்கலாம். வாசல் தெளித்துக் கோலம் போட இடம் வேண்டும். செடிமேல் கோலமாவு நிற்காது, மார்கழி முழுக்க அம்மா குறைபட்டுக்கொள்வார். மீதி வாசலில் சாணி கரைத்துத் தெளித்தால் செடிக்கு அது ஊட்டம்தான், நீர்க்கத் தெளித்தால் போதும். இரண்டு சக்கர வண்டி ஏறும் தடத்திலும் செடி வேண்டாம், சின்ன ஜல்லி போட்டுக் கெட்டியாக்கி விடுங்கள்.

வாசலில் ஒரு வேப்பமரம் இருப்பதாக எழுதியிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன், நம் தோட்டங்களில் இல்லாத இடமேது? நீங்கள் குறிப்பிடவில்லை. இருந்தால் அதன் நிழல் விழும் பகுதியில் பொடுதலை மெலிந்து நீளும். அங்கே சிறிய மாண்டோ புல் வைக்கலாம், மெதுவாக வளரும், ஒருமுறை பிடித்தால் நிலைக்கும். மரத்து வேர் தண்ணீரை உறிஞ்சிவிடும் இடம் என்பதால் பிடிக்காமல் போனால் வற்புறுத்தாதீர்கள், வெறும் கூழாங்கல் போதும்.

தண்ணீர்த் தொட்டிக்கும் துவைக்கிற கல்லுக்கும் பக்கத்தில் எப்போதும் ஈரம் இருக்கும். அங்கே நீர்ப்பிரமி வையுங்கள். சதைப்பற்றான குட்டி இலை, வெள்ளைப் பூ, கொஞ்சம் உப்புத் தண்ணீரையும் பொறுக்கும். நல்ல தண்ணீர் வடியும் இடமாக இருந்தால் வல்லாரையும் வரும். சப்பைத் தண்ணீரில் அதன் இலை ஓரம் கருகும். நாட்டுப் பொன்னாங்கண்ணியும் அப்படியே. ஒன்று மட்டும்: வாசல் இடுக்கில் வளர்ந்த வல்லாரையையும் பொன்னாங்கண்ணியையும் சமையலுக்குப் பறிக்காதீர்கள். சோப்புத் தண்ணீரும் நாய்க்காலும் செருப்பும் படுகிற இடம். சாப்பிட வேண்டியதைத் தனித் தொட்டியில் வையுங்கள்.

அருகம்புல்லைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் ஊரில் யாராவது சொல்வார்கள். பிள்ளையாருக்கு வேண்டியது, மிதியைத் தாங்குவது, உப்பைத் தாங்குவது, எல்லாம் உண்மை. இருந்தும் இடுக்கில் நான் வைக்க மாட்டேன். அதன் தண்டு மண்ணுக்கடியில் ஆழமாக ஓடிக் கல்லுக்கு மறுபக்கம் வரும். வேறு எந்தச் செடியையும் நிற்கவிடாது. கல் இடுக்கில் இயந்திரம் வைத்து வெட்டவும் முடியாது. மாட்டுக்கு வரப்பில் இருக்கட்டும். நர்சரியில் கொரியன் புல் என்று விற்கும் மெத்தைப் புல் அழகுதான், ஆனால் நல்ல தண்ணீரும் பொறுமையும் கேட்கும். உங்களிடம் பொறுமை இருக்கலாம், தண்ணீர் இல்லை.

ஒரு செடியை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வெடெலியா. மஞ்சள் பூ, பளபளப்பான இலை, ஒரே மாதத்தில் தரையை மூடும். நம்முடைய மஞ்சள் கரிசலாங்கண்ணியோடு குழப்பிக்கொண்டு, மருந்துச் செடி என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த பட்டியலில் அது இருக்கிறது. தொழில் தொடங்கிய புதிதில் நானே ஒரு தோட்ட வீட்டில் அதை நட்டுக் கொடுத்தேன். மூன்று வருடம் கழித்துப் போனபோது மதிலுக்கடியில் புகுந்து பக்கத்துக் காட்டு வாய்க்கால் முழுவதும் படர்ந்திருந்தது. அந்த வாய்க்காலில் தண்ணீர் பாயவே இல்லை. அந்த விவசாயியோடு சேர்ந்து நானும் என் ஆட்களும் ஒரு வாரம் வெட்டி எடுத்தோம். ஒரு கணு விட்டுப்போனாலும் மறுபடி வந்தது. அன்றிலிருந்து நடுவதற்கு முன் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இதை வேண்டாம் என்றால் எடுக்க முடியுமா என்பதுதான். பொடுதலையை எடுக்க முடியும். நம் மண்ணில் அதற்குத் துணையாக வேறு செடிகளும் பூச்சிகளும் இருக்கின்றன.

சப்பைத் தண்ணீர் விஷயம். ஒரு பாட்டில் தண்ணீரை வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து மின்கடத்து திறன் பார்த்துவிடுங்கள். மீட்டருக்கு 2.25 டெசிசைமன்ஸைத் தாண்டினால் மிக அதிக உப்பு என்ற வகையில் சேரும். அப்போது வல்லாரை, மாண்டோ இரண்டையும் மறந்துவிடுங்கள், பொடுதலையும் நீர்ப்பிரமியும் மட்டும். உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மிகப் பெரிய தவறு. தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலேயே தங்கும், இடுக்கு ஓரம் வெள்ளையாகப் பூக்கும். வேர் பிடித்தபின் ஐந்து நாளுக்கு ஒருமுறை, வேருக்குக் கீழே உப்பு இறங்கும் அளவுக்குத் தாராளமாக விடுங்கள். மிச்சத்தை ஐப்பசி மழை கழுவிவிடும். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை வாசலுக்குத் திருப்பிவிடாதீர்கள், போர் தண்ணீரைவிட அதில் உப்பு அதிகம். துணி துவைத்த சோப்புத் தண்ணீரும் மண்ணை இறுக்கும்.

அம்மாவின் பயம் நியாயமானது, அதைத் தள்ளிவிடாதீர்கள். ஆனால் பாம்பு தேடி வருவது செடியை அல்ல, எலியையும் ஒளிந்துகொள்ள இடத்தையும்தான். இரண்டு அங்குலத்துக்குக் கீழே தரையோடு கிடக்கும் செடியில் ஓணான்கூட ஒளிய முடியாது. கல்லுக்கடியில் இருக்கும் பொந்து, மூலையில் குவித்த உடைந்த கல், தென்னை மட்டை, விறகு, கூட்டாமல் விட்ட சருகு இவைதான் இடம் கொடுக்கும். பொந்துகளை மேலே சொன்னபடி கிராவலால் அடைத்து, குவியல்களை வாசலிலிருந்து அப்புறப்படுத்தி, கோழித்தீவனம் சிந்தாமல் பார்த்துக்கொண்டால், இப்போது இருப்பதைவிட உங்கள் வாசல் பாதுகாப்பானது. முழங்கால் உயரத்துக்குக் கோரையும் பார்த்தீனியமும் நிற்கும் இன்றைய இடுக்குகள்தான் ஆபத்து. செடி மூன்று அங்குலத்தைத் தாண்டினால் வெட்டிவிடுவோம் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுங்கள், அதைக் காப்பாற்றுங்கள். வாசலுக்கு இரவில் ஒரு விளக்கும் எரியட்டும்.

எப்போது தொடங்குவது? ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், இந்த வேலைக்கு அது வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்று காங்கயம், தாராபுரம் பக்கம் மழையைக் கொண்டுவருவதில்லை, இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகிறது. காற்றாலைக்கு நல்லது, நாற்றுக்கு ஆகாது. ஆகவே ஆடியில் கல்லைச் சரிசெய்து கோரையைத் தோண்டத் தொடங்குங்கள். ஆவணி கடைசியில் குழித்தட்டில் கொடியைப் பதியுங்கள். புரட்டாசி கடைசியில், முதல் வடகிழக்கு மழை விழுந்தவுடன் நடுங்கள். மழை இல்லாத நாட்களில் முதல் பத்து நாள் காலை மாலை இரண்டு வேளையும் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். முடிந்தால் இதற்கு மட்டும் நல்ல தண்ணீர். ஒரு மாதம் வரை நேரே மிதிக்காமல் கல்லிலேயே கால் வைத்து நடக்கச் சொல்லுங்கள்.

தை, மாசியில் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். நம் மண்ணில் சுக்காங்கல் இருக்கிறது, சுண்ணாம்பு அதிகம், இரும்புச்சத்து கிடைக்காமல் செய்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), கால் மூடி எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலைமேல் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. தெளித்த கையோடு கல்லைத் துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கருங்கல்லில் துருக்கறை ஏறிவிடும், அது எளிதில் போகாது. கொத்தனார் முன்பு எங்காவது சிமெண்ட் பாலைக் கொட்டியிருந்தால் அந்த இடத்தில்தான் மஞ்சள் முதலில் தெரியும். அங்கே மட்டும் மண்ணை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

முதலில் முழு வாசலையும் தொட வேண்டாம். தென்கிழக்கு மூலையில் பத்துக் கல்லை எடுத்து இந்த ஐப்பசியில் செய்து பாருங்கள், ஒரு கோடை தாண்டட்டும். அடுத்த வருடம் மீதிக்குத் தேவையான கொடியை வாய்க்காலுக்குப் போகாமல் அந்தப் பத்துக் கல்லிலிருந்தே வெட்டிக்கொள்ளலாம்.